காலி எடை

நாமக்கல் பைபாஸில் லாரி எடை மேடை நடத்தும் சம்பூரணம், பக்கத்து வீட்டு ரைட்டர் நாச்சிமுத்துவைப் பிடித்துத் தள்ளிய அன்று அதற்காகக் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. இன்னும் பலமாகத் தள்ளியிருக்கலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மனசுக்குள் நினைப்பதை அளக்கும் கருவியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவள் செய்த புண்ணியம். பதிவானதெல்லாம் அவர் மல்லாக்க விழுந்ததும், மேடையின் இரும்பு விளிம்பு பட்டு அவருடைய இடது கணுக்கால் கிழிந்ததும்தான்.

சண்டை பழசு. லாரிகள் ஆளில்லாமல் தாமாகவே ஓட ஆரம்பித்த பிறகு ஊரில் பாதிப் பேருக்கு வேலை போனது. சம்பூரணத்துக்குப் போகவில்லை. லாரிக்கு டிரைவர் வேண்டாம் என்று சொன்ன அதே சட்டம், எடைச் சீட்டில் மட்டும் ஒரு மனுஷர் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்றது. புருஷன் செத்த ஏழு வருஷமாக அந்தக் கையெழுத்தில்தான் அவளும், பத்தாவது படிக்கும் மகள் தர்ஷிணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து போலீஸ் ஸ்டேஷனில் முப்பது வருஷம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறவர்கள் அழுவதைக் கேட்டு அதைப் புகாராக எழுதுவதுதான் ரைட்டர் வேலை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ஓசூரில் இருந்தான், பேச்சு வார்த்தை கிடையாது. லோடு லாரி மேடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் தன் வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது என்பது அவர் கட்சி. அது உண்மையும்கூட. ஆனால் அதற்காக அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. தினமும் விடிந்ததும் சுண்ணாம்பு அடித்த எட்டுக் கற்களை மேடைக்கு வரும் பாதையில் வரிசையாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். ஆளில்லா லாரி கல்லைக் கண்டால் நின்றுவிடும், ஹாரன்கூட அடிக்காது. பின்னால் இருபது லாரிகள் சத்தமே இல்லாமல் வரிசை கட்டும். சம்பூரணம் போய் ஒவ்வொரு கல்லாக உருட்டிவிட வேண்டும். இப்படி மூன்று வருஷம்.

அன்று அவள் ஆறாவது கல்லை உருட்டும்போது நாச்சிமுத்து வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தாலியறுத்தவள் முகத்தில்தான் தினமும் விழிக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் வீடு எப்படி உருப்படும் என்று, அவளிடம் சொல்லாமல் முதலில் நின்ற லாரியிடம் சொன்னார். லாரிக்குக் காது இல்லை. இவளுக்கு இருந்தது.

எஸ்.ஐ. அரை மணியில் வந்துவிட்டார். அந்தக் காலம் மாதிரி எந்தப் பிரிவு, என்ன ஆயுதம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பட்டையை எடுத்து நாச்சிமுத்துவின் மணிக்கட்டில் மாட்டினார். அதுதான் தீங்குமானி. கொஞ்ச நேரத்தில் பட்டையின் மேல் 31 என்று வந்தது. நாச்சிமுத்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு சம்பூரணத்தைப் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

மறுநாள் சம்பூரணம் வக்கீல் கோகிலவாணியைப் பார்க்கப் போனாள். கோகிலவாணி சின்ன வயசு, ஆனால் எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாதவள். விஷயத்தைக் கேட்டு முடித்ததும், "அக்கா, தள்ளுனீங்களா இல்லையாங்கறது இப்ப முக்கியமில்லை. அவருக்கு எவ்வளவு தீங்கு ஆச்சுங்கறதுதான் முக்கியம்," என்றாள்.

"முப்பத்தொண்ணுன்னு காட்டுச்சுங்க."

"அது முத நாள் கணக்கு. தொண்ணூறு நாள் அந்தப் பட்டை அவர் கையில இருக்கும். அதுக்குள்ள எப்பவாச்சும் நூறைத் தொட்டா பெருங்குற்றம். தொடலைன்னா சிறுகுற்றம். சிறுகுற்றம்னா அபராதம் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம். பெருங்குற்றம்னா கொறைஞ்சது மூணு வருசம் உள்ள. அப்புறம் ஆயுசுக்கும் உங்க கையெழுத்து எந்தக் காகிதத்துலயும் செல்லாது."

சம்பூரணம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். ஜெயில்கூட அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. மூன்று வருஷம் தர்ஷிணி யார் வீட்டில் இருப்பாள் என்பது அதற்கும் அப்புறம்.

அந்தக் கருவி எப்படி அளக்கிறது என்று கேட்டாள். அடிபடுவதற்கு முன்னால் அந்த ஆள் எப்படி இருந்தார், எவ்வளவு நடந்தார், எவ்வளவு தூங்கினார், ரத்தத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் அவரவர் போனிலேயே கிடக்கிறது, அதை எடுத்து வைத்துக்கொள்ளும் என்றாள் கோகிலவாணி. பிறகு ஒவ்வொரு நாளும் இருக்கும் நிலையை அதோடு ஒப்பிடும். வித்தியாசம்தான் தீங்கு. சம்பூரணத்துக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. லாரியை முதலில் காலியாக நிறுத்திக் காலி எடை எடுப்பது, பிறகு லோடோடு நிறுத்தி எடுப்பது, கழித்தால் சரக்கு எடை. இருபது வருஷமாக அவள் செய்கிற வேலைதான்.

"அப்ப அவரு வேணும்னே கெடுத்துக்கிட்டா?"

"அதையும் சேர்த்துத்தான் கணக்கு. நீங்க தள்ளுனப்போ அவருடைய சர்க்கரை வியாதியோட, அவருடைய திமிரோட சேர்த்துத்தான் தள்ளுனீங்க. தள்ளுறவங்க ஆளைப் பொறுக்கி எடுக்க முடியாதுன்னு சட்டம் சொல்லுது." பிறகு, "நீங்க ஒண்ணு செய்யலாம். அவரை நல்லாப் பார்த்துக்கலாம். தணிப்புன்னு அதுக்குப் பேரு. ஆனா கட்டாயத்துல செஞ்சா செல்லாது. சொந்த விருப்பத்தின் பேரில்னு எழுதிக் கொடுக்கோணும்," என்றாள்.

எழுதிக் கொடுத்தாள். சொந்த விருப்பமாம். அந்த வார்த்தையை எழுதும்போது அவளுக்குப் பல் கூசியது.

நாச்சிமுத்துவுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். பேக்கரியிலிருந்து தேங்காய் பன்னும் ஜிலேபியும் வரவழைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சம்பூரணம் பார்க்கும்படி சாப்பிட்டார். காலைக் கீழே தொங்கப் போட்டுக்கொண்டார். ஏழாம் நாள் முப்பத்தெட்டு. இருபதாம் நாள் அறுபத்தாறு. மணிக்கட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டுவதற்காகவே சட்டையின் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் எட்டாம் நாளே சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்திருந்தாள். சர்க்கரைக்கு ஆகிற மாதிரி கம்பங்கூழ், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல். முதல் நாள் அவர் தட்டை வாங்கினார். வாங்கி, அப்படியே எடை மேடையின் மேல் வீசினார். சோறு இரும்புத் தகட்டில் சிதறியது. மேடையின் திரையில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. பத்து கிலோவுக்குக் கீழே எது விழுந்தாலும் மேடைக்குத் தெரியாது. சம்பூரணம் அதைக் கூட்டி அள்ளிவிட்டு, மதியம் மறுபடி சமைத்துக் கொண்டுபோனாள்.

எல்லாவற்றுக்கும் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று கோகிலவாணி சொல்லியிருந்தாள். சம்பூரணத்துக்குத் தெரிந்த அத்தாட்சி ஒன்றுதான். சமையல் தராசில் வைத்து நிறுத்து, எடைச் சீட்டுப் புத்தகத்திலேயே எழுதினாள். 'கம்பங்கூழ், நானூறு கிராம். நாள், நேரம். என் சொந்த விருப்பத்தின் பேரில் வழங்கியது.' கீழே அவள் கையெழுத்து. பக்கத்தில், வாங்குகிறவர் போட வேண்டிய பார்ட்டி கையொப்பம். வெள்ளைத் தாள் பார்ட்டிக்கு, மஞ்சள் ஆபீசுக்கு, ரோஸ் தனக்கு. லாரிக்குக் கொடுப்பது மாதிரியே அவருக்கும் கொடுத்தாள். பார்ட்டி கையொப்பம் போடும் இடத்தில் முதல் மூன்றரை வாரம் 'மறுத்தார்' என்று எழுதவேண்டியிருந்தது. கோகிலவாணியே இவ்வளவு கேட்டிருக்க மாட்டாள். ஆனால் சீட்டில்லாமல் எதையும் கை மாற்றுவது சம்பூரணத்துக்குப் பழக்கமில்லை.

முப்பத்துமூன்றாம் நாள் எண்பத்துநாலு. புண் நாற ஆரம்பித்திருந்தது. காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதாக எஸ்.ஐ. சொன்னார். கால் போனால் ஒரே நாளில் நூறு தாண்டும். அன்று சாயங்காலம் சம்பூரணம் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள், கெஞ்சவும் செய்தாள்.

"ரைட்டரய்யா, ஒரு தடவை தள்ளுனதுக்கு உங்க காலையே குடுக்கறீங்களே. இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து சிரித்தார். அவருக்கு வலி இருந்தது, அதோடேயே சிரித்தார்.

"எங்கிட்டப் பேனா இருந்தப்போ, ஒரு குத்தம் சின்னதா பெருசான்னு அந்தக் குத்தம் முடிவு பண்ணாது அம்முணி. நான் பண்ணுவேன். ஒரே அருவாமனை. சமையல் சாமான்னு எழுதினாச் சின்னக் கேஸு, சாயங்காலம் வூட்டுக்குப் போயிருவான். கூரான ஆயுதம்னு எழுதினா பத்து வருசம். நான் டீக் குடிச்சு முடிக்கற வரைக்கும் ரெண்டு பார்ட்டியும் வாசல்ல நிப்பானுக. அந்தப் பேனாவைத்தான் இந்த மெசினு புடுங்குச்சு." அவர் காலைத் தட்டினார். "இப்ப இதுதான் என்ற பேனா."

எத்தனை பேரைப் பெருசாக எழுதினீர்கள் என்று அவள் கேட்டாள். எண்ணவில்லை என்றார்.

சம்பூரணம் எழுந்தாள். இனி கெஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தட்டை எடுக்கக் குனிந்தபோது, அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். அவளை அல்ல, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உப்புப் பத்தலை."

அவள் போய் உப்புக் கொண்டு வந்தாள். அவசரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்துவிட்டது. அவர் முழுதும் சாப்பிட்டார். சீட்டில் கையெழுத்தும் போட்டார். வெள்ளைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் மாறிவிட்டார், அதாவது வாயைத் தவிர. மாத்திரை சாப்பிட்டார். காலை நீட்டிக் காட்டினார், அவள் கையுறை போட்டுக்கொண்டு புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். வைக்கும்போதெல்லாம் கட்டுப் போடத் தெரியாதவள் என்று திட்டினார். போர்வை துவைக்கச் சொன்னார். ஜன்னல் திரை மாற்றச் சொன்னார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நடக்கக் கூட்டிப்போகச் சொன்னார். நடக்கும்போது மூன்றடி முன்னால் போய்க்கொண்டு, தான் பெருசாக எழுதிய கேஸ்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருவார். சம்பூரணத்தின் கண் அவர் மணிக்கட்டில் இருக்கும். அறுபது, முப்பத்தைந்து, எட்டு.

பசி ஜெயித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். கோகிலவாணியும் அப்படித்தான் நினைத்தாள். கால் போய்விடும் என்ற பயமாக இருக்கும் என்றாள். தர்ஷிணி ஒருத்திதான், "அந்தாளு வெள்ளைச் சீட்டையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல அடுக்கி வெச்சிருக்காரும்மா, எதுக்கு?" என்று கேட்டாள். ரைட்டர் வேலை பார்த்தவருக்குக் காகிதம் சேர்க்கும் புத்தி போகாது என்று சம்பூரணம் சொன்னாள்.

தொண்ணூறாம் நாள் எஸ்.ஐ. பட்டையைக் கழற்ற வந்தார். எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி மறுபடி பார்த்தார். மைனஸ் பத்தொன்பது. தள்ளிவிடப்படுவதற்கு முன்னால் நாச்சிமுத்து டீயிலும் புரோட்டாவிலும் பிழைத்த மனுஷர். இப்போது சர்க்கரை இறங்கியிருந்தது, தூக்கம் வந்திருந்தது, முட்டி வலிகூடப் போயிருந்தது. அடிபட்டதால் நன்றாக ஆன ஆளை இந்தச் சரகத்திலேயே பார்த்ததில்லை என்று எஸ்.ஐ. சிரித்தார். சிறுகுற்றம், கேஸ் முடிந்தது என்று எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். நாச்சிமுத்து நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

சம்பூரணம் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பகலிலேயே படுத்து, பள்ளிக்கூடம் விட்டு மகள் வரும் வரைக்கும் தூங்கினாள். மறுநாள் கம்பு ஊறவைக்கவில்லை. கொள்ளு வேகவைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் ஒரு சுகம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. பாதையில் கல் மட்டும் ஒன்றும் இல்லாதது அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

பத்தாம் நாள் காலையில், மேடையில் முட்டை லாரி ஒன்று நின்றுகொண்டிருக்கும்போது கோகிலவாணி நேரிலேயே வந்துவிட்டாள். ஸ்கூட்டரை நிறுத்தியவள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேசினாள்.

"அக்கா, புதுசா ஒரு புகார் வந்திருக்குது. உங்க மேலதான்."

"நான் அவரைத் தொடவே இல்லையேங்க. பத்து நாளா மூஞ்சியே பார்க்கலை."

"அதுதான் புகார். சாப்பாடு நிறுத்திட்டீங்கன்னு. பட்டை மாட்டியாச்சு. இப்ப அம்பத்திரண்டு. ஒரு நாளைக்கு ஆறு ஆறா ஏறுது."

சம்பூரணம் முதலில் சிரித்தாள். சோறு போடாதது எப்படிக் குற்றமாகும் என்று கேட்டாள். ஊரில் யாருக்குத்தான் யார் சோறு போடுகிறார்கள்?

"யாரும் போடாம இருந்தாக் குத்தமில்லைக்கா. ஆனா ஒருத்தரைப் பார்த்துக்கறேன்னு நீங்களா விரும்பி ஏத்துக்கிட்டு, அவர் உங்களை நம்பி இருக்கற நெலமைக்கு வந்த பொறகு விட்டுட்டாக் குத்தம். அது பழைய சட்டத்துலயே உண்டு. நீங்க எழுதிக் கொடுத்த மனு ஒண்ணை வேணும்னா நான் வாதாடி ஒடைச்சிருவேன். ஆனா அவர் எண்பது சீட்டுக் குடுத்திருக்கார். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. எல்லாத்துலயும் சொந்த விருப்பத்தின் பேரில்."

பிஸ்கட் டப்பா.

"சரிங்க, அவரு பழைய மாதிரி ஆயிட்டாரு. அவ்வளவுதானுங்களே? டீயும் புரோட்டாவும் தின்னுட்டு முன்னால எப்படி இருந்தாரோ..." என்று ஆரம்பித்த சம்பூரணம் பாதியில் நிறுத்திவிட்டாள். மேடையில் நின்ற முட்டை லாரியைப் பார்த்தாள். கோகிலவாணி சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொண்ணூறாம் நாள் எடுத்த அளவுதான் புதுக் காலி எடை. மைனஸ் பத்தொன்பதுதான் இனி அவருடைய பூஜ்யம். அதிலிருந்து அவர் இறங்குவதெல்லாம் அவள் செய்த தீங்கு. ஒவ்வொரு லோடுக்கும் காலி எடையைப் புதிதாக எடுக்க வேண்டும் என்று ஆயிரம் பேருக்கு அவள் சொல்லியிருக்கிறாள். பழைய காலி எடையை வைத்து ஏமாற்றுகிற ஏஜென்ட்டுகளை விரட்டியிருக்கிறாள். இந்த ஒரு லோடுக்கு மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

"எத்தனை நாளைக்குங்க?" என்றாள்.

"புகாரை அவர் வாபஸ் வாங்கிட்டா இப்போதைக்குக் கேஸ் இல்லை. ஆனா மறுபடி நிறுத்தினா மறுபடி புகார். அவர் இருக்கற வரைக்கும்னு வெச்சுக்கங்க."

மதியம் சம்பூரணம் சாப்பாட்டுத் தூக்குப் போசியோடு படியேறினாள். நாச்சிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பத்தே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜிலேபிப் பொட்டலம் பக்கத்தில் திறந்து கிடந்தது. அவளைப் பார்த்ததும் தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"வாபஸ் வாங்குங்க," என்றாள்.

"மொதல்ல போடு."

போட்டாள். அவர் வேகமாகச் சாப்பிட்டார். வாயில் சோற்றோடு சொன்னார்.

"நீ தள்ளுனது சின்னக் குத்தம் அம்முணி. சோத்தை நிறுத்துனதுதான் பெருசு. முப்பத்துமூணாம் நாளு இந்தக் கணக்கு என்ற மண்டையில உதிச்சுது. அன்னைக்குத்தான் உப்புக் கேட்டேன்."

"என்னைய உள்ள தள்ளோணும்னா அன்னைக்கே காலைக் குடுத்திருக்கலாமுங்களே."

"உள்ள தள்ளி என்ன பண்றது? ஜெயில்ல இருந்து கொள்ளுப் பருப்பு வருமா?" அவர் தட்டை வழித்தார். "நீ வர்ற வரைக்கும் புகார் வராது. நாளைக்குக் காலையில வாபஸ் வாங்கிடறேன். கல்லும் வெக்க மாட்டேன்."

ஒரு நிமிஷம் சம்பூரணம் அவரை வெறும் கிழவராகப் பார்த்தாள். மகன் கூப்பிடாத, சாப்பிடப் பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு மனுஷர். சுவர் விரிசலைத் தவிர வேறு எதையும் யாரிடமும் சொல்லத் தெரியாதவர். நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு பிடி சோறு அவள் போட்டிருப்பாளோ என்னவோ. கேட்டிருக்கலாமே பாவி என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது. எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

அவர் சொன்ன மாதிரியே வாபஸ் வாங்கினார். பட்டையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சம்பூரணம் இரண்டு வேளையும் போனாள். மாத்திரை கொடுத்தாள், போர்வை துவைத்தாள், நடக்கக் கூட்டிப்போனாள். ஒரு மாதத்தில் அவர் கன்னம் மறுபடி நிரம்பியது. தர்ஷிணிக்குப் பரீட்சை நடந்தது, அம்மா பக்கத்து வீட்டில் இருந்தாள். சிவகிரியில் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போக முடியவில்லை. தொண்ணூறு நாள் என்று சொன்னபோது மலைப்பாக இருந்ததை நினைத்து இப்போது சிரிப்பு வந்தது. அதற்காவது ஒரு கடைசி நாள் இருந்தது.

ஒரு நாள் கோகிலவாணிக்குப் போன் செய்தாள். சும்மா ஒரு சந்தேகம் என்றுதான் ஆரம்பித்தாள்.

"புகாரை மெசினு எப்ப எடுத்துக்கும், எப்ப எடுத்துக்காதுங்க?"

"குத்தம்னா ஒரு செயல் இருக்கோணும்க்கா. செயல் நடந்துதுன்னா நேத்தைக்கும் இன்னைக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் தெரியோணும். ரெண்டு புள்ளி மாறினாத்தான் பதிவு பண்ணும். அதுக்குக் கீழ போனா வயசாகுதுன்னு விட்டுடும். இல்லைன்னா ஊர்ல இருக்கற கெழடுக எல்லாம் தெனமும் யார் மேலயாவது கேஸ் போடுமே."

"ஒப்பிடறது நேத்தோடதானுங்களா? மொத நாளோட இல்லைங்களே?"

"பட்டை மாட்டற வரைக்கும் போன் கணக்குத்தான், அது நேத்தோடதான் ஒப்பிடும். ஏன் கேக்கறீங்க?"

ஒன்றுமில்லை என்றாள் சம்பூரணம். கோகிலவாணிக்குப் புரிந்துவிட்டது. இதை நீங்கள் என்னிடம் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறுநாள் காலை சம்பூரணம் வழக்கம்போலக் கம்பங்கூழைச் சமையல் தராசில் வைத்தாள். நானூறு கிராம். கரண்டியின் நுனியால் ஒரு வாய்க்கும் குறைவாக எடுத்து, திரும்பவும் சட்டியில் போட்டாள். முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எட்டுக் கிராமுக்கு ஒரே நாளில் இரண்டு புள்ளி மாறாது. சீட்டில் அந்த எண்ணையே எழுதினாள். பொய் எடை போடுவது அவளுக்குப் பழக்கமில்லை. சொந்த விருப்பத்தின் பேரில் என்றும் எழுதினாள். இந்த முறை பல் கூசவில்லை.

நாச்சிமுத்து சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, சீட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை அவர். படித்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நேற்றைய சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முப்பது வருஷம் சின்னதையும் பெருசையும் எழுதிய மனுஷருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"நேத்து நானூறுன்னு போட்டிருந்துது," என்றார்.

"ஆமாங்க."

"இன்னைக்கு எட்டுக் கிராம் கம்மி."

"ஆமாங்க ரைட்டரய்யா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் முன்னைப்போல இல்லை.

"நாளைக்கு?"

சம்பூரணம் பார்ட்டி கையொப்பம் என்று இருந்த இடத்தை விரலால் காட்டி, பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்கும் எடை போட்டுத்தானுங்க கொண்டாருவேன்."